வாயில் போனதெல்லாம்

ஏப்ரல் 14

இன்று சித்திரை ஒன்று. தெரு முழுக்க வடை வாசம். எனக்கு வந்தது குழைந்த சோறும் பூண்டுக் குழம்பும். ஒரு அப்பளமாவது வையுங்கள் என்று கேட்டதற்கு, "அப்பளம் வறட்சி. பிள்ளைக்கு நெஞ்சு காயும்" என்று மதினி சொல்லிவிட்டாள். என் மகள் பிறந்து பதினோரு நாள்தான் ஆகிறது. அதற்குள் அவளுடைய நெஞ்சு, வயிறு, தொண்டை எல்லாவற்றுக்கும் நான் தின்னாத அப்பளம்கூடப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா, பிரம்மசக்தி. நேரில் 'வாங்க, போங்க' போடாமல் நான் பேசினதில்லை. இந்த நோட்டில் மட்டும் 'சொன்னாள்' என்றுதான் எழுதப் போகிறேன். அவள் கண்ணாடி உடைந்து இரண்டு மாதம் ஆகிறது, வாசிக்க மாட்டாள். எனக்கு அம்மா இல்லை. நான்கு வருடத்துக்கு முன்பே போய்விட்டாள். அதனால் பேறுகாலம் பார்க்கிற பொறுப்பு மதினி தலையில் விழுந்தது. அவள் அதைத் துளிக் குறை வைக்காமல் செய்கிறாள். என் கஷ்டமே அதுதான்.

வீட்டின் பின்பக்க அறை எனக்கும் பாப்பாவுக்கும். ஜன்னலைச் சாத்தி அதன் மேல் பழைய சேலை வேறு. என் காதில் பஞ்சு. மின்விசிறி போட்டால் உடம்பில் காற்று ஏறிவிடுமாம். கோவில்பட்டி வெயிலில் நாற்பது நாள் இப்படி. குளியலறைக்குப் போக மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போகலாம். அங்கே மதினியின் மாடு வேப்பமர நிழலில் நிற்கிறது. அதற்குக் கிடைக்கிற காற்றுகூட எனக்கு இல்லை.

இந்த நோட்டு எதற்கென்றால், பாப்பா சாயங்காலம் நாலரைக்கு ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்கிறாள். காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவந்து, அப்படி ஓர் அழுகை. நான் என்னத்தையோ தின்றதால்தான் என்று மதினி சொல்கிறாள். சரி, எதைத் தின்றதால் என்று கண்டுபிடித்துவிடலாம். நான் ஆறு வருடம் நூற்பு மில்லில் ஆய்வகத்தில் இருந்தவள். நூல் அறுந்துகொண்டே இருந்தால் நாங்கள் கூப்பாடு போட மாட்டோம். ஒன்றை மட்டும் மாற்றுவோம், மற்றதைத் தொட மாட்டோம், நேரம் போட்டு எழுதுவோம். மாறாததை எழுத வேண்டாம் என்பது மில் வழக்கம். எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதற்கு ஷீட்டில் கட்டமே கிடையாது.

தின்றது: காலை இட்லி 3. மதியம் சோறு, பூண்டுக் குழம்பு. இரவு இடியாப்பம்.
பாப்பா அழுதது: 4.30 முதல் 6.15 வரை.

மதினி பால் தம்ளரோடு வந்து நிற்கிறாள். குடித்து முடிக்கிற வரை நகர மாட்டாள்.

ஏப்ரல் 16

இட்லி நின்றது. உளுந்து வாயுவாம்.
அழுதது: 4.40 முதல் 6.30.

ஏப்ரல் 20

பாசிப்பருப்பும் போனது. கத்தரிக்காய், உருளை, முட்டை, மீன் எல்லாம் முதல் நாளே போனவை. நேற்று பாப்பா ஒரு மணி நேரம்தான் அழுதாள், பருப்புதான் குற்றவாளி என்று நானும் மதினியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். இன்று இரண்டு மணி நேரம் அழுதாள்.

மதினிக்கு அந்த மாட்டின் மேல் உயிர். விடியும் முன் எழுந்து கறந்து, நுரையோடு காய்ச்சி, சாமிக்குக்கூட வைக்காமல் முதல் தம்ளர் எனக்கு. "தண்ணி படாத பாலுட்டி. குடிச்சாத்தான் ஒனக்கு ஊறும்" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். குடித்த பத்தாவது நிமிடம் என் வயிற்றில் மேளம் கொட்டும். அது பூண்டு வேலை செய்கிறது என்பாள். இருக்கும்.

இவ்வளவு செய்கிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது? ஒரு நாள் கோபமாவது பட்டால் தேவலை. அவள் படுவதும் இல்லை. வாசலில் நின்று என் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஏப்ரல் 25

தின்றது: சோறு, ரசம். இடியாப்பம். வேறு எதுவும் இல்லை.
அழுதது: 4.30 முதல் 7.00.

ஏப்ரல் 26

நேற்று எழுதியது பொய்.

என் வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். நேற்று மத்தியானம் மதினி மாட்டுக்குத் தீவனம் வாங்கப் போயிருந்தபோது வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு கடலைமிட்டாய் எடுத்துக் கொடுத்தார். "ஒன்னப் பாத்தாப் பாவமா இருக்கு செல்வி. சீக்கிரம் தின்னுட்டு வாயத் தொடைச்சிரு" என்றார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இருபத்திரண்டு நாளாகப் பத்தியச் சோறு தின்ற வாய். நாய் கவ்வின மாதிரி கவ்வித் தின்றேன். சுகமாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

இன்று காலை பாப்பாவின் துணியை மாற்றும்போது சளியும் அதற்குள் ஒரு சிவப்பு இழையும். நூலைக் கையில் எடுத்துப் பார்த்தே பழகிய கண், நூல் ஒட்டியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். எடுக்கப் போனேன். விரலில் ஒட்டியது. ரத்தம்.

மதினியிடம் ஓடினேன். கடலைமிட்டாய் தின்றேன் என்று நானே சொல்லிவிட்டேன். அவள் துணியை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இதோ, இப்போது விழப் போகிறது திட்டு என்று நின்றேன். திட்டவில்லை. கொல்லைக்குக் கொண்டுபோய் அவளே துவைத்தாள். ஒரு சின்னத் துணியை அரை மணி நேரம் துவைத்தாள்.

நான் என் பிள்ளைக்கு விஷம் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 29

மிட்டாய் தின்று நான்கு நாள் ஆகிறது. இன்றும் ரத்தம்.

மே 2

மதினி இப்போது புதிதாக ஒன்று கண்டுபிடித்திருக்கிறாள். குற்றம் சாப்பாட்டில் இல்லையாம், என் வயிற்றிலாம். "ஒனக்குச் செரிக்கல. அந்த மந்தம் பால்ல எறங்குது. அதான் பிள்ளைக்கும் செரிக்கல" என்கிறாள்.

உண்மையிலேயே எனக்குச் செரிக்கவில்லை. வெளியே போய் நான்கு நாள் ஆகிறது. வயிறு பானை மாதிரி இருக்கிறது, புளித்த ஏப்பம் வருகிறது. காயும் இல்லை, கீரையும் இல்லை, பழமும் இல்லை என்றால் பிறகு எப்படிப் போகும்? ஆனால் இதைச் சொன்னால், பழம் சளி, கீரை கழிச்சல் என்று வரிசையாகப் பதில் வைத்திருக்கிறாள்.

எனவே பாப்பாவுக்குப் பால் கொடுக்க உட்காரும் முன் ஓமத்தண்ணீர் குடிக்க வேண்டும், ஏப்பம் விட வேண்டும், ஒரு பீச்சு பீச்சிக் கீழே விட வேண்டும். பாப்பா பசியில் கத்திக்கொண்டிருப்பாள். எனக்கு ஏப்பம் வராது. ஏப்பம் வரவில்லையே என்று அழுத முதல் பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

பயமாக இருக்கிறது. பாப்பா வாய் வைக்கும்போதெல்லாம், இப்போது என்ன போகிறது இவளுக்குள் என்று நினைக்கிறேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே குடிக்கிறாள்.

தின்றது: சோறு, மிளகு ரசம். குழம்பும் நிறுத்தியாகிவிட்டது. பசிக்கிறது என்றால், "பசிச்சா இன்னொரு தம்ளர் பால் குடி" என்கிறாள்.

மே 4

மத்தியானம் இவர் சாப்பிட வந்தபோது கேட்டே விட்டேன். "உங்கக்கா என்னைத் திட்டவும் மாட்டேங்காங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா விடவும் மாட்டேங்காங்க. என்னதான் நினைச்சிட்டு இருக்காங்க?"

இவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். மதினிக்கு ஒரு பையன் பிறந்தான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால். இவருக்கு அப்போது பதினொரு வயது. "அந்தப் பிள்ளைக்கும் இப்பிடித்தான் ரத்தம் போச்சு. தாய்ப்பால் ஆகலைன்னு அக்காவோட மாமியார் வீட்டுல முடிவு பண்ணி, நெஞ்சுல மல்லியப்பூ வச்சுக் கட்டிப் பாலை வத்த வச்சுட்டாங்க. பொறவு புட்டியில மாட்டுப்பால் குடுத்தாங்க. அப்பவும் நிக்கல. பத்து நாள்ல போயிட்டான். தாய்ப்பாலே விஷமாப் போச்சுன்னு சொல்லி அக்காவ இங்கன கொண்டுவந்து விட்டுட்டாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அக்கா முன்னால யாரும் பேச மாட்டோம் செல்வி."

ஐந்து வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன். ஒரே அடுப்பில் சமைத்திருக்கிறோம். அவளுக்குப் பிள்ளை இல்லை என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் மதினி வழக்கம்போல் தம்ளரோடு வந்தாள். வாங்கிக் குடித்தேன். இன்று அவளை எதிர்த்து எதுவும் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

மே 6

ரத்தம். மூன்று தடவை.

மே 8

சுகாதார நிலைய நர்சம்மா எடை பார்க்க வீட்டுக்கு வந்தார். பிறந்தபோது 2 கிலோ 900. இன்று 3 கிலோ 250. முப்பத்தைந்து நாளைக்கு இது ரொம்பக் குறைவு என்றார். ரத்தம் பட்ட துணியை மதினி ஒளித்து வைத்திருந்தாள். நான் எடுத்துக் காட்டிவிட்டேன். மதினி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இனி எல்லாம் முடிந்தது என்பது மாதிரி இருந்தது.

நர்சம்மா என் நோட்டை வாங்கிப் புரட்டினார். "நல்லா எழுதிருக்கீங்களே. இவ்வளவுதான் சாப்பிடுதீங்களா?" என்றார்.

"இவ்வளவுதான்."

"ஜாக்கெட்டே நனைஞ்சிருக்கு. சோறு, ரசத்துலயா இவ்வளவு பால் சுரக்குது? நாளைக்கு ஒரு நாள் வாயில போனதெல்லாம் எழுதுங்கம்மா. மாத்திரை, தண்ணி ஒண்ணு விடாம. அத எடுத்துக்கிட்டு சனிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரில குழந்தை டாக்டரைப் பாத்திருங்க."

அவர் போன பிறகு மதினி சொன்னாள்: "டாக்டர் என்ன சொல்லுவான்? ஒம் பாலு ஆகலைம்பான். அத நாமளே செஞ்சிருவோம். சனிக்கிழமை வரைக்கும் எதுக்கு அந்தப் பிள்ள ரத்தம் சிந்தணும்?"

என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மே 9

நர்சம்மா சொன்னபடி எழுதுகிறேன். வாயில் போனதெல்லாம்.

காலை 5.45: பால், மஞ்சள் போட்டு, பெரிய தம்ளர்.
8.00: சோறு, ரசம். மாத்திரை. அதை விழுங்க அரைத் தம்ளர் பால்.
11.00: பூண்டு வேகவைத்த பால், ஒரு கிண்ணம்.
1.15: சோறு, ரசம். மேலே ஒரு கரண்டி நெய்.
3.30: கருப்பட்டி போட்ட பால்.
6.30: பால்சோறு.

எழுதிக்கொண்டே வந்தவள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். இன்னும் படுக்கப் போகும்போது ஒரு தம்ளர் வரும்.

இருபத்தைந்து நாளாக நோட்டில் பால் என்ற வார்த்தையே கட்டத்துக்குள் இல்லை. முதல் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். இட்லி இருக்கிறது, பருப்பு இருக்கிறது, ஒரு துண்டு மிட்டாய்க்கு அழுத அழுகை இருக்கிறது. பால் இல்லை. அதை யார் சாப்பாடு என்று நினைத்தார்கள்? தினமும் இருப்பது, மாறாதது. மாறாததை எழுத வேண்டாம். ஆறு வருடம் ஆய்வகத்தில் கிழித்தேன் என்று பெருமை வேறு. ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தோம். ஒவ்வொன்றை நிறுத்தும்போதும் அந்த இடத்தில் ஒரு தம்ளர் பாலை வைத்தோம்.

பாலாக இருக்குமா? பால் யாருக்கு என்ன செய்யும்? உலகமே பால் குடிக்கிறது. பாப்பாவுக்கு நான் கொடுப்பதும் பால்தானே. நாளை ஒரு நாள் குடிக்காமல் இருந்து பார்ப்போம்.

மே 10

அறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். மணி பதினொன்று இருபது. முப்பத்தேழு நாளாக வெளியே விடவில்லை என்று புலம்பிய அறைக்குள் நானே பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் மதினி பால் கொண்டுவந்தபோது வேண்டாம் என்றேன்.

"ஏன்? வயிறு சரியில்லையா?"

"இல்ல மதினி. இந்தப் பாலுதான் பாப்பாவுக்கு ஆகலையோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "எம் மாட்டுப் பாலா?" என்றாள். "நாலரைக்கு எந்திரிச்சுக் கறந்து குடுக்குத பாலா?"

"உங்களைச் சொல்லல மதினி..."

"இந்தப் பாலைக் குடிச்சித்தாம்ட்டி ஒம் புருசன் வளந்தான். பாலு யாரைக் கொன்னுருக்கு? கொன்னா தாய்ப்பாலுதான் கொல்லும். எனக்குத் தெரியும். நான் பாத்தவ."

வெளியே போனாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் வாழை இலையில் பொதிந்த மல்லிகை. கட்டாத உதிரிப்பூ, இரண்டு படி இருக்கும். இன்னொரு கையில் பால்புட்டி. தண்ணீர் கலந்து ஆற்றிய மாட்டுப்பால் தயாராக இருந்தது. ஒரு வெள்ளை வேட்டியைக் கிழித்து நீளமாக மடித்துத் தோளில் போட்டிருந்தாள். "ரெண்டு நாள் வலிக்கும். பொறுத்துக்கோ. மூணாம் நாள் வத்திரும். பிள்ள பொழைச்சிரும்" என்றாள். குரலில் அவ்வளவு தயவு. அந்தத் தயவுதான் என்னைப் பயமுறுத்தியது.

பாப்பாவைத் தூக்க அவள் குனிந்தபோது நான் முந்திக்கொண்டேன். அவள் தோளைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளினேன். ஆமாம், தள்ளினேன். எனக்கு நாத்தனார், எனக்குத் தாய்க்குத் தாயாகப் பேறுகாலம் பார்த்தவள். தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

"செல்வி, கதவத் தொற."

திறக்கவில்லை.

"பிள்ளைய எங்கிட்ட குடு. ஒரு பிள்ளைய வாரிக் குடுத்தவ சொல்லுதேன். கேளுட்டி."

பிறகு தட்டுவதும் நின்றுவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். மூச்சு கேட்கிறது. மல்லிகை வாசம் கதவிடுக்கு வழியாக வந்து அறை முழுக்க அடைத்துவிட்டது. மூச்சு முட்டுகிறது. பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். இவருக்குப் போன் பண்ணிவிட்டேன். லாரியோடு வருகிறேன் என்றார். ஒருவேளை மதினி சொல்வதுதான் சரியோ? நான் பிடிவாதம் பிடித்து என் பிள்ளையைக் கொன்றுகொண்டிருக்கிறேனோ? சனிக்கிழமை வரை காத்திருக்க முடியாது. இன்றே போக வேண்டும்.

மே 11

தண்ணீர் லாரியின் முன்பக்கத்தில் நான், பாப்பா, மதினி. நேற்று அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூப்பிடாமலே மதினி ஏறிக்கொண்டாள். புட்டியைப் பையில் வைத்திருந்தாள். காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தேன். காற்று அடித்தது.

குழந்தை டாக்டர் நாற்பது வயதுப் பெண். பாப்பாவைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு நோட்டைக் கேட்டார். மே 9 பக்கத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்தார்.

"ஒரு நாளைக்கு அஞ்சு தடவை பாலா?"

"படுக்கும்போது ஒண்ணு. ஆறு" என்றேன்.

"எனக்குச் செரிக்கலைன்னா அது தாய்ப்பால்ல இறங்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"உங்க வயித்து வாயுவும் ஏப்பமும் பால்ல இறங்காதும்மா. அது உங்க குடலோட சரி. ஆனா மாட்டுப்பால்ல இருக்கிற புரதம் கொஞ்சமா உங்க ரத்தம் வழியா தாய்ப்பாலுக்குப் போகும். நிறையப் பிள்ளைங்களுக்கு அது ஒண்ணும் செய்யாது. சில பிள்ளைங்களுக்கு ஆகாது. குடல் புண்ணாகி இப்படி ரத்தம் வரும். உங்க பிள்ளைக்கு அதுதான்னு நினைக்கிறேன். ரெண்டு வாரம் பால், தயிர், மோர், நெய், பால்பவுடர் போட்ட பிஸ்கட் எதுவும் தொடாதீங்க. மத்தபடி பருப்பு, முட்டை, மீன், கீரை, பழம் எல்லாம் நல்லாச் சாப்பிடுங்க. சுண்ணாம்புச் சத்துக்கு மாத்திரை தாரேன். தாய்ப்பால மட்டும் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது."

அதுவரை சுவரோரம் நின்றிருந்த மதினி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தாய்ப்பால நிறுத்திட்டு மாட்டுப்பாலையே புட்டியில குடுத்தா?"

டாக்டருக்கு என்ன தெரியும். தலையைத் தூக்காமல் மருந்துச்சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார். "அப்படி எதுவும் செஞ்சிராதீங்க. தாய் மூலமா துளி போறதுக்கே ரத்தம் வருது. நேராக் குடுத்தா இப்படிப் பிள்ளை தாங்காது."

மதினி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மயக்கமா என்று நர்ஸ் ஓடி வந்தார். வெயில் என்று இவர் சொல்லிச் சமாளித்தார். என்ன ஆனது என்று எனக்கும் இவருக்கும் தெரியும்.

நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் லாரியில் திரும்பி வரும்போது பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மே 13

தின்றது: சோறு, பாசிப்பருப்பு, முருங்கைக்கீரை, முட்டை 1, வாழைப்பழம் 2. பால் இல்லை. தயிர் இல்லை. நெய் இல்லை.
ரத்தம்: ஒரு தடவை, கொஞ்சம்.

மதினி என் சமையலுக்கென்று தனியாக மூன்று பாத்திரம் ஒதுக்கிவிட்டாள். புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். பால் பட்ட கரண்டி அதில் படாது. மாட்டைக் கறந்து முழுப் பாலையும் டீக்கடைக்கு ஊற்றிவிடுகிறாள். தட்டைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். அறைக்குள் வருவதில்லை. என்னோடும் பேசவில்லை, இவரோடும் பேசவில்லை. அன்று தள்ளியதற்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். "சோறு ஆறுது" என்றாள்.

மே 16

ரத்தம் இல்லை.

மே 17

இல்லை.

மே 18

இல்லை. அழுதது 20 நிமிடம். அதுவும் சும்மா சிணுங்கல். எனக்கும் வயிறு லேசாகிவிட்டது. ஜன்னல் சேலையைக் கழற்றிவிட்டேன், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

மே 22

3 கிலோ 780. நர்சம்மா தராசைத் தட்டிவிட்டு இன்னொரு தடவை நிறுத்தார். அதேதான். மதினி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். எல்லாரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். பிறகு கொல்லைக்குப் போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை.

மே 24

மத்தியானம் பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரத்துக்குப் பிறகு மதினி அறைக்குள் வந்தாள். கட்டிலில் உட்காரவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்து, பாப்பா குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செல்வி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க மதினி."

"மாட்டுப்பாலு தாய்ப்பால்ல எறங்கும்னு டாக்டரம்மா சொன்னது ஒனக்கு மட்டுமா, எல்லாத் தாய்க்கும் அப்பிடித்தானா?"

"எல்லாருக்குந்தான் மதினி."

"பேறுகாலத்துல எனக்கும் பாலுதான் குடுத்தாங்க. சொம்பு சொம்பா." முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "அப்ப எம் பால்ல விஷம் ஒண்ணும் இல்லையா?"

அவள் பாலில் விஷம் இல்லை என்ற பாதியைச் சொன்னால், புட்டிப்பால் என்ற மீதி தானாக வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆஸ்பத்திரியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் வந்து கேட்கிறாள் என்றால், அந்தப் பாதி அவளுக்கு வேண்டும்.

"ஒண்ணுமில்ல மதினி. உங்க பால் நல்ல பால்."

"வத்தவே இல்லட்டி" என்றாள். "ரெண்டு தடவ பூ மாத்திக் கட்டுனாங்க. பிள்ள போன பொறவும் வத்தல. சேலை நனைஞ்சிக்கிட்டே இருந்துச்சு. இந்த விஷம் இன்னும் ஏன் சொரக்குதுன்னு நெஞ்சுல அடிச்சிக்கிடுவேன்."

பாப்பா வாயை எடுத்துவிட்டு அவள் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"பையனுக்கு என்ன பேரு வச்சீங்க மதினி?"

"வைக்கல. மூணாம் மாசம் கோயில்ல வச்சு வைக்கலாம்னு இருந்தோம்."

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. முந்தானையால் பாப்பாவின் வாயோரத்தைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அந்தப் புட்டியில குடுத்த பாலு..."

"தெரியாது மதினி. அது எனக்குத் தெரியாது. யாருக்கும் இப்பத் தெரியாது." பொய்யா மெய்யா என்று எனக்கே தெரியாமல்தான் சொன்னேன். "குடுத்தவங்க பிள்ள பொழைக்கணும்னுதான் குடுத்தாங்க. நீங்க அன்னைக்குப் புட்டியோட வந்தீங்கள்லா, அது மாதிரி."

நம்பினாளா என்று தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த நோட்ட எடு" என்றாள்.

எடுத்தேன்.

"எழுது."

"என்ன எழுத?"

"எம் பேர எழுது. எம் பாலு நல்ல பாலுன்னு எழுது. தேதி போட்டு எழுது."

பாப்பாவை அவள் மடியில் கொடுத்துவிட்டு எழுதினேன்.

மே 24. பிரம்மசக்தியின் பால் நல்ல பால்.

"வாசி" என்றாள்.

வாசித்தேன்.

"இன்னொரு தடவ வாசி" என்றாள்.